சுறா போயிடுச்சா என்று கேட்ட அக்காவுக்கு

என் பிலோ அக்காவுக்கு,

உன் சகாயம் எழுதுகிறேன். நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம். நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. தனியாக எழுதினால் இதிலும் பாதியை விழுங்கிவிடுவேன். அது எனக்குக் கைவந்த கலை என்பது உனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விட்டது.

போன வாரம் உன் மூன்றாம் ஆண்டு நினைவு அட்டை அச்சடிக்கப் பாலக்கரைக்குப் போனேன். அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டரில் வாசகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"போன வருஷம் போட்டதையே போட்டுடலாமா சார்? 'கடலளவு அன்பு காட்டிய எங்கள் குலவிளக்கே'. எடுப்பா இருந்துச்சு."

"கடல் வேண்டாங்க."

"வானளவுன்னு மாத்திடவா?"

"போட்டோவும் பேரும் போதும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? இரண்டு வருஷமும் அந்தக் கடலைப் படித்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டியவன் நான்தான். உன் படத்துக்குக் கீழே அந்த வார்த்தையைப் போட எனக்கு எப்படி மனசு வந்தது அக்கா?

ஊர்ச் சேதி கேள். ஆடி பிறந்துவிட்டது. காற்று கதவை உடைக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீரும் வந்துவிட்டது. திருவானைக்காவல் பாலத்தில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகிறார்கள். கண்ணில் மண், வாயில் மண், ஊரே இந்தக் காற்றைத் திட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சியில் ஆடிக்காற்றுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரே ஜீவன் நீதான்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பிலோமினா மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் பிசிக்ஸ் டீச்சராக இருந்தாள். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் ஃப்ரிட்ஜும் சோபாவும் கப்பலில் போட்டு அனுப்புவார்கள். இவள் ஒரு நீளமான பலகையும், ஒரு கம்பமும், சுருட்டிய ஆரஞ்சு நிறப் பாயும் அனுப்பினாள். பலகைமேல் நின்று, பாயைக் கையால் பிடித்துக் காற்றை வாங்கி, தண்ணீர்மேல் ஓடுகிற விளையாட்டு. விண்ட்சர்ஃபிங் என்கிறார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அத்தான் மஸ்கட்டிலேயே வேலையில் இருந்தார். மகள் ஷெரின் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நீ ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்ததே கொள்ளிடத்துக் காற்றுக்காகத்தான். பலகையை மாடிப்படி வழியாக ஏற்ற முடியாமல் நாலு பேர் திணறியபோது வீட்டுக்கார மாமா வெளியே வந்து பார்த்தார். நீ விளக்கம் சொன்னாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெருமாளே ரெண்டு ஆத்துக்கு நடுவுல ஹாயா படுத்துண்டிருக்கார். நீ ஏம்மா தண்ணிமேல நிக்கணும்கறே?" என்றார். "அவருக்கு ஆதிசேஷன் இருக்கு மாமா, எனக்குப் பலகைதானே இருக்கு" என்றாய். அன்றிலிருந்து அவர் உன் கட்சி.

அந்த நீல நோட்டு நினைவிருக்கிறதா? எங்கே இறங்கலாம் என்று நாம் இடம் பார்த்துக் குறித்த நோட்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். காற்று எந்தத் திசை, ஆழம் எவ்வளவு, பலகையை எங்கிருந்து இறக்குவது, கரையில் யார் இருப்பார்கள் என்று டீச்சர் கையெழுத்தில் கட்டம் கட்டி எழுதுவாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாய். அந்தத் தண்ணீரில் பிழைக்கிறவரைக் கேட்காமல் காலை நனைக்கக்கூடாது.

கேட்டு வருவது என் வேலை. கால்சட்டையும் மிதவைச் சட்டையுமாக நீ போய் நின்றால் ஆட்கள் உன் முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள், இல்லாவிட்டால் பேசவே மாட்டார்கள். "நான் காத்தைப் பாக்குறேன், நீ ஆளைப் பாரு. உனக்குச் சகாயம்னு அப்பா பேரு வச்சதே அதுக்குத்தான்" என்பாய். நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போவேன். பேங்கில் வேலை பார்க்கிறவனுக்கு யாரிடமும் பேச்சுக் கொடுக்கத் தெரியும்.

முக்கொம்பில் மதகுக் காவலர் சொன்னதை அப்படியே வந்து சொன்னேன். "கதவைத் தெறந்தா அந்தம்மா பாயோட கல்லணையில போய்த்தான் இறங்குவாங்க." நீ சிரித்துச் சிரித்து அதையே நோட்டில் எழுதினாய். அம்மா மண்டபத்துப் பக்கம் வேண்டாம், திதி கொடுக்க வருகிறவர்கள் தலைமேல் போய் இடிப்பேன் என்று நீயே அடித்துவிட்டாய். கொள்ளிடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், மணல் அள்ளிய குழி இருக்கிறது, அதில் முதலையும் கிடக்கிறது என்றார். நான் ஓடிவந்து சொன்னேன். நீ நம்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். திட்டில் கிடந்த கட்டை எழுந்து தண்ணீருக்குள் போனது. "இனிமே நீ சொன்னா வேதவாக்குடா" என்றாய்.

அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நீ என்னை எத்தனை வருஷம் நம்பினாய்!

கடைசியில் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு ஏரி அமைந்தது. டயர் டியூபில் உட்கார்ந்து ஜிலேபி மீன் பிடிக்கிறவர்தான் சொன்னார். வடக்கே தண்ணீருக்கடியில் கருவேலங்கட்டைகள், பாயைக் கிழித்துவிடும், தெற்குக் கரையோரமாகப் போங்க என்றார். அங்கேதான் நீ மூன்று ஆடி ஓடினாய். நான் கரையில் டவலும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீர் வந்தாலே அந்தோணியாரைக் கூப்பிடுகிற ஆள்.

ஆனால் ஏரி உனக்குப் போதவில்லை. வேகம் பிடிக்கும்போது அக்கரை வந்துவிடுகிறது என்றாய். "ஒரு தடவை நம்ம கடல்ல ஓடணும்டா. மஸ்கட்ல ஓடிருக்கேன், அது அவங்க கடல். நம்ம கடல்ல ஒரே ஒரு தடவை." அதற்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி சனிக்கிழமை, பலகையைக் காருக்கு மேலே கட்டிக்கொண்டு ராமநாதபுரம் தாண்டித் தெற்குக் கரைக்குப் போனோம். ஷெரினுக்குப் பரீட்சை. அவள் வரவில்லை.

அந்தக் கரையை நீ பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது. காற்று கரைக்குக் குறுக்கே அடித்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகவே நடந்து போனாய். நான் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர். பலகையைக் காட்டி, அக்கா இறங்கலாமா என்று கேட்டேன்.

அவர் சொன்னதில் பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போனது. என் காதில் விழுந்தது இது. "சுறா கெடக்கு... பத்து நாள்ல போயிரும்... அப்புறம் அம்மாவ தாராளமா எறங்கச் சொல்லுங்க."

நான் திரும்பக் கேட்கவில்லை. என்ன சுறா, எவ்வளவு பெரியது, எங்கே கிடக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. முதல் வார்த்தை போதும் என்றிருந்தது. அக்கா, எனக்கு அப்போது பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. இதை எழுத எவ்வளவு கூசுகிறது தெரியுமா?

உன்னிடம் வந்து, "சுறா இருக்காம்" என்றேன். பத்து நாளைச் சொல்லவில்லை. தாராளமாக இறங்கலாம் என்றதைச் சொல்லவில்லை.

நீ உடனே போனை எடுத்துத் தேடினாய். "இந்தப் பக்கம் சுறா மனுஷங்களைக் கடிச்சதா ஒண்ணுமே இல்லையேடா."

"இங்கயே பொழைக்கிற மனுஷன் சொல்றாரு. போனுக்கு என்ன தெரியும்?"

உன் விதியையே எடுத்து உன்மேல் போட்டேன். நீ போனை அணைத்துவிட்டாய். "சரிதான், நேர்ல பாக்குறவங்க சொல்றதுதான் கணக்கு. அவர் நம்பர் வாங்கிக்கடா, சுறா போனதும் கேட்டுட்டு வருவோம்" என்றாய். நம்பரை வாங்கினேன். 'கடல் அண்ணன்' என்று சேமித்தேன். வரும் வழியெல்லாம் நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். பலகையின் கயிறு காற்றில் அடித்துக்கொண்டே வந்தது.

இதுவரை சொன்னதையாவது தவறாகக் காதில் விழுந்தது, அரைகுறையாகச் சொன்னேன் என்று பூசி மெழுகலாம். இனி சொல்வதற்கு அந்த வழியும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மீன் மார்க்கெட் போனேன். பால்சுறா வைத்திருந்த அம்மா அந்தக் கரைப் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. "உங்க ஊர்ப் பக்கம் சுறா வந்து ஆளுங்க கடல்ல இறங்கப் பயந்தாங்களாமே?" என்று கேட்டேன். அந்தம்மா அரிவாள்மனையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"சுறா வந்தா எங்காளுக ஏன் சார் பயப்படப்போறாக? வலையத் தூக்கிக்கிட்டுல்ல ஓடுவாக! எந்த மாசம்?"

"ஆடி."

"அது சொறி சார். சொறி கெடக்குன்னு சொல்லிருப்பாக. உங்க காதுல சுறான்னு விழுந்திருச்சா?"

நமக்கெல்லாம் சொறி என்றால் தெருநாய்க்கு வருவது. கடற்கரையில் அது ஜெல்லிமீனின் பெயராம். கண்ணாடி போல மிதந்து வருமாம். மேலே பட்டால் எரிச்சல் எடுக்குமாம், கொஞ்ச நாளில் தானாகவே போய்விடுமாம். ஊரெல்லாம் ஆறு வைத்திருக்கிற ஆட்களுக்கு இது எங்கே தெரியும்?

அந்தப் பால்சுறாவையே ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சுறாப்புட்டு செய்தாள். அன்று மத்தியானம் நீ சாப்பிட வந்திருந்தாய். "பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறதை எனக்குப் போடுறீங்க" என்று அவளைக் கிண்டல் செய்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "அது என்னைத் தின்னுறதுக்கு முந்தி நான் அதைத் தின்னுடுறேன். சொல்லிடு உன் கடல் அண்ணன்கிட்ட" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொறி என்கிற இரண்டெழுத்து என் தொண்டையில் இருந்தது. நீ இரண்டாவது தடவை புட்டு கேட்டாய். நானே எழுந்து போட்டேன்.

ஏன் சொல்லவில்லை? நீச்சல் தெரியாத தம்பி, அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தான் என்று சொன்னால் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை எல்லாம் சொன்னேன். சுறாவைச் சொல்லப் போனால் சாமியார் சிரித்துவிடுவாரோ என்று வந்துவிட்டேன். சிரித்தாலும் பரவாயில்லை, ஏன் என்று கேட்டிருப்பாரே. அதற்குத்தான் பயந்தேன்.

கடலுக்குப் போவதற்கு இருபது நாள் முன்னால் ஏரிக்கரையில் யாரோ உன்னைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். நீ வழுக்கித் தண்ணீரில் விழுவது, ஈரத்தோடு எழுந்து பலகைமேல் ஏறுவது. அதற்கு ஒரு கோமாளிப் பாட்டைச் சேர்த்து, 'ஆன்ட்டியின் ஆடிப்பெருக்கு' என்று தலைப்புப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பேங்க் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. டீ நேரத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பக்கத்து கவுன்டர்காரர் கேட்டார்.

"சகாயம் சார், ஓரமா டவலோட நிக்கிறது நீங்கதானே? அப்ப இது உங்க அக்காவா?"

"இல்லீங்க. நான் வேற வேலையா அந்தப் பக்கம் போயிருந்தேன். யாருன்னு தெரியல."

யாரென்று தெரியவில்லை என்றேன் அக்கா. முதல் சம்பளத்தில் எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த உன்னை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மாதாமாதம் மஸ்கட்டிலிருந்து போனிலேயே வீட்டை நடத்திய உன்னை.

அதே வீடியோவை வீட்டுக்கார மாமாவுக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள். அவர் பின்னால் என்னிடம் சொன்னார். "காட்டினவன்கிட்ட கேட்டேன், 'இவ விழுந்தத மட்டும் எடுத்திருக்கியே, எழுந்து ஓடினத ஏன் எடுக்கல?'ன்னு. எங்காத்து மாடியில குடியிருக்கற பொண்ணுன்னு பெருமையா சொன்னேன்." வாடகைக்கு விட்டவர் சொந்தம் கொண்டாடினார். நான் அவர் எதிரில் தலையைத் திருப்பிக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன்.

ஆக, கடலில் எனக்குச் சுறா பெரிய உதவியாக வந்தது. ஏரியில் பத்துப் பேர் பார்த்தது, கடற்கரையில் நூறு பேர் பார்ப்பார்கள், மறுபடி வீடியோ வரும், மறுபடி டீ நேரம் வரும். அக்காவைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத கோழை, சுறா என்று சொல்லித் தப்பித்தேன்.

அடுத்த ஆடியில் கேட்டாய். "கடல் அண்ணன்கிட்ட கேட்டியாடா? போயிடுச்சா?" கேட்டேன், இன்னும் இருக்காம் என்றேன். அதற்கடுத்த ஆடியிலும் அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவைகூட நான் அந்த நம்பரை அழுத்தியதில்லை. மூன்றாவது ஆடியில் நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தாய். மத்தியானம், கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே காற்று வேப்பமரத்தைப் போட்டு ஆட்டியது. நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்.

"சுறா போயிடுச்சான்னு கேட்டியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்குக் கடல் கிடைத்திருக்காது, உண்மையாவது கிடைத்திருக்கும். என்னைத் திட்டியிருப்பாய். எனக்கு அதைத் தாங்குகிற தெம்பு இல்லை.

"இன்னும் இருக்காம் அக்கா."

"சரி, விடு. அதுவும் எங்க போகும் பாவம்."

அந்த ஆடி முடிவதற்குள் நீ போய்விட்டாய். உனக்கு நான் கடைசியாகச் சொன்ன செய்தி அதுதான்.

இப்போது ஷெரின் விஷயம். பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அத்தான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு அவளோடுதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். நினைவுப் பூசைக்காக அவள் மட்டும் முன்னாடியே வந்தாள். என் வீட்டுப் பரணில் இருக்கிற உன் பலகையைக் கீழே இறக்கினாள். பெங்களூர்ப் பக்கம் ஒரு ஏரியில் பாய்ப் பலகை ஓட்டக் கற்றுக்கொண்டாளாம், எனக்குச் சொல்லவே இல்லை. பாயை விரித்து, கிழிந்த இடத்தில் நீ ஒட்டிய டேப்பைத் தடவிப் பார்த்தாள். பாய்க்குள் அந்த நீல நோட்டு இருந்தது.

தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். மதகுக் காவலர் சொன்னதைப் படித்துச் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பினாள். மேலே அந்தக் கரையின் பெயர். கட்டத்துக்குள் உன் கையெழுத்து.

'சுறா. போனதும் இறங்கலாம். தம்பியிடம் கேட்க.'

அதற்குக் கீழே, 'ஆடி. கேட்டேன். இருக்காம்.' அதற்குக் கீழே, 'ஆடி. கேட்டேன். இருக்காம்.' மூன்றாவது வரியில் எழுத்து கோணலாக இருந்தது, ஆஸ்பத்திரிக் கையால் எழுதியது. 'ஆடி. கேட்டேன். இருக்காம்.'

"மாமா, மூணு வருஷமாவா ஒரு சுறா அங்கயே நிக்கும்? யாருகிட்ட கேட்டீங்க?"

"அங்க ஒரு மீனவர்."

"நம்பர் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன் அக்கா. அந்த மூன்று வரிகளையும் பார்த்த பிறகும் நாக்கு அந்தப் பக்கம்தான் புரண்டது. பிறகு என்னவோ, போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டு, போனை என் முன்னால் வைத்தாள். நீங்களே பேசுங்க என்று கண்ணால் காட்டினாள்.

நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். "திருச்சிக்காரக! பாய்ப் பலகை அம்மாவோட தம்பியா? ஏன் சார் அப்புறம் வரவே இல்ல? சொறி ஒரு வாரத்துலயே போயிருச்சு. பத்து நாள்னு சொன்னேனேன்னு நான் ரெண்டு ஞாயித்துக்கெழம கரையிலயே பாத்துக்கிட்டு இருந்தேன். எம் பொண்டாட்டிகிட்ட வேற சொல்லி வச்சிருந்தேன், ஒரு அம்மா பாய் விரிச்சு ஓடப்போறாக, வந்து பாருன்னு. அம்மா நல்லா இருக்காகளா?"

அவர் மனைவியோடு வந்து பார்க்கக் காத்திருந்திருக்கிறார். நான் பயந்த அந்த நூறு பேரில் ஒருவர்.

இறந்துவிட்டாள் என்று நான்தான் சொன்னேன். "கடல்ல ஓடவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போனை வைத்ததும் ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொறி, பத்து நாள், மீன் மார்க்கெட், புட்டு, வீடியோ, யாரென்று தெரியாது என்றது, ஆஸ்பத்திரி. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா கடைசி வரைக்கும் உங்களை நம்பினாங்களா மாமா?"

நோட்டைப் பார்த்தேன். பதிலை நீயே எழுதி வைத்திருந்தாய். சந்தேகப்பட்டு ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்கக்கூடாதா? எனக்காக ஒன்று போட்டிருக்கலாமே என்று தேடினேன். மூன்று வரியிலும் புள்ளிதான் இருந்தது.

அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காபி கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். மூன்றாம் நாள் காலையில் பலகையைத் துடைத்துக்கொண்டே, "வர்ற சனிக்கிழமை நான் அங்க இறங்குறேன். நீங்களும் வரணும். நீங்கதான் போய் அவர்கிட்ட கேக்கணும்" என்றாள். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அடுத்த வார்த்தையில் அது போனது.

"ஆனா நானும் பக்கத்துல நின்னு கேப்பேன்."

நீ என்னைத் தனியாக அனுப்பினாய். உன் மகள் அனுப்பமாட்டாள். சரியாகத்தான் செய்கிறாள் அக்கா, அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பேங்கிலும் நேற்று ஒரு காரியம் செய்தேன். பக்கத்து கவுன்டர்காரர் ரிட்டயர் ஆகப்போகிறார். டீ நேரத்தில் அவரிடம், "அந்த வீடியோல விழுந்தவங்க என் அக்கா சார், பேரு பிலோமினா" என்றேன். "எந்த வீடியோ?" என்று கேட்டார். அவருக்கு ஞாபகமே இல்லை. ஆறு வருஷம் நான் யாருக்குப் பயந்தேனோ, அவருக்கு அதில் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறோம். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் வாக்குக்கு இப்போது என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கொடுக்கிறேன். அந்த மனிதர் முன்னால் போய் நிற்பேன். காது கேட்காவிட்டால் திரும்பக் கேட்பேன். அவர் சொல்வதில் ஒரு சொல் விடாமல் ஷெரினிடம் சொல்வேன், அவள் பக்கத்தில் நின்று கேட்டிருந்தாலும் சொல்வேன். அவள் உன் ஆரஞ்சுப் பாயைத் தூக்கும்போது யாராவது போனில் படம் பிடித்தால், நான் டவலோடு நன்றாகத் தெரிகிற இடத்தில் நிற்பேன். யார் கேட்டாலும், என் அக்கா மகள், அது என் அக்காவின் பாய் என்று சொல்வேன்.

உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று வரிகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தக் கரையில் உட்கார்ந்து, என் கையால் இப்படி எழுதுவேன்: 'சுறா இல்லை. சொறி. பத்து நாளில் போய்விடும், அம்மாவைத் தாராளமாக இறங்கச் சொல்லுங்கள் என்றார். தம்பி சொல்லவில்லை.'

உனக்குச் சகாயமாக இல்லாமல் போன,
உன் கூடப்பிறந்த தம்பி
சகாயம்